அசையாமல் யோசிப்பவர்கள்

தைஸ்தோ ரவுதியோ ஒரு புகைப்படம் அல்ல என்று உறுதி செய்ய முடியாததால், அவர் எழுதிய முதல் தேர்வு பதினோராவது நிமிடத்தில் நிறுத்தப்பட்டது.

கேள்வி பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் ஆற்றில் வரிசையாகக் கற்கள், அக்கரை போக வேண்டிய ஒரு தவளை. சில கற்களில் முதலை உட்கார்ந்திருக்கும். தவளை எத்தனை வழிகளில் போய்ச் சேரலாம் என்று கணக்கிடும் நிரல் ஒன்றை, வீட்டுக் கணினியின் கேமரா பார்த்திருக்க, நாற்பது நிமிடத்தில் எழுத வேண்டும். அவர் ஊரான குர்கிவாராவின் ஆற்றில் தவளை உண்டு, முதலை கிடையாது. தைஸ்தோ அதைப் பெரிதுபடுத்தாமல் யோசித்தார். கைகள் மடியில், கண் ஒரே புள்ளியில், உடம்பில் வேறெதுவும் அசையாமல். ஐம்பத்தேழு வருடமாக அவர் அப்படித்தான் யோசித்தார். அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான். பேருந்து நிறுத்தத்திலும், சவுனா என்னும் நீராவி அறையின் வெப்பத்திலும், பிணத்தை அடக்கம் செய்த பிறகான காப்பியின்போதும் அவர்கள் ஒரு விஷயத்தை உள்ளே வைத்து முடித்துவிட்டுத்தான் வெளியே எடுப்பார்கள்.

பதினோராவது நிமிடத்தில் முழு விடையும் தலைக்குள் தயாராகிவிட்டது. எழுதுவதற்காக விரலைத் தூக்கியபோது திரை சாம்பல் நிறமாயிற்று. ‘படச்சட்டத்தில் உயிருள்ள நபர் இல்லை. புகைப்படம் என ஐயம். தேர்வு முடிந்தது.’

கதவருகே நின்றிருந்த மனைவி ஹில்க்கா கேட்டார்: “என்னாச்சு?”

“என்ன போட்டோன்னு சொல்லுது.”

ஹில்க்கா கணவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அது சொல்றதுல தப்பில்லையே. முப்பது வருஷமா நானும் அதத்தான் பாத்துட்டிருக்கேன்.”

தேர்வு ஒரு வேலைக்கானது. அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும் என்பதற்கு தைஸ்தோவிடம் ஒரு காரணம் இருந்தது. சம்பளம் அல்ல. குர்கிவாராவின் வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே கொதிகலன் நிலையத்திலிருந்து மண்ணுக்கடியில் குழாய் வழியே வெந்நீர் போகிறது. எந்தத் தெருவுக்கு எவ்வளவு வெந்நீர் என்று நிமிடத்துக்கு ஒருமுறை சொல்வது ஒரு சின்ன நிரல். அதைப் பதினாறு வருடத்துக்கு முன்னால் எழுதி, ஜனவரி கடைசி ஞாயிறன்று ஊர் அடங்கிய பிறகு ஓட்டிவிட்டவர் தைஸ்தோ. அன்றிலிருந்து அது நிமிடங்களை எண்ணிக்கொண்டு வருகிறது. எண்ணுவதற்கு அவர் ஒதுக்கிய இடத்தில் எண்பத்து மூன்று லட்சத்துச் சொச்சம் நிமிடங்கள்தான் கொள்ளும். அதற்குள் யாராவது புதிய நிரல் எழுதிவிடுவார்கள் என்று அன்று நினைத்தார். யாரும் எழுதவில்லை. வருகிற ஜனவரி பதிமூன்றாம் தேதி, கிறிஸ்துமஸ் மரத்தை வீட்டைவிட்டு வெளியேற்றும் ‘நூத்தி’ என்ற திருநாளன்று, காலை ஒன்பது ஏழுக்கு அந்த இடம் நிரம்பிவிடும். அடுத்த நிமிடம் எண்ணிக்கை பின்னுக்குப் புரள, காலம் இன்னும் தொடங்கவே இல்லை என்று நிரல் முடிவு செய்து வால்வுகளை ஒவ்வொன்றாக மூடும்.

இரண்டு வரி மாற்றினால் போதும். கோடையில் மாற்றலாம் என்று நாட்குறிப்பில் எழுதியும் வைத்திருந்தார். ஆனால் வசந்தத்திலேயே நகராட்சி அந்த நிலையத்தைத் தலைநகரில் இருக்கும் ஒரு குழுமத்துக்கு விற்றுவிட்டது. தைஸ்தோவையும் மற்ற ஆறு பேரையும் ஒரு கேக் வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது கொதிகலன் நிலையத்தில் ஆளே இல்லை. எல்லாம் தலைநகரிலிருந்து நடக்கிறது. வாசலில் பூட்டு, பூட்டுக்கு மேலே கேமரா.

அவர் குழுமத்துக்கு நான்கு மின்னஞ்சல் எழுதினார். நான்குக்கும் ஒரே பதில் வந்தது. ‘தொழில்நுட்ப ஆலோசனைகளைத் தேர்வின் மூன்றாம் படியைத் தாண்டியவர்களிடமிருந்து மட்டுமே ஏற்கிறோம்.’ அதே வாரத்தில் அந்த நிரலைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவை என்று குழுமம் விளம்பரம் செய்தது. தைஸ்தோ விண்ணப்பித்தார். வேறென்ன செய்வது.

புகைப்படச் சம்பவத்துக்குப் பிறகு குழுமத்தின் ஆள்சேர்ப்பு வாசலுக்குப் பொறுப்பாளரான ஹென்னா-ரீக்கா திரையில் வந்தார். அன்பான முகம். கண் மட்டும் வேறெங்கோ ஒரு பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தது.

“உங்கள நாங்க நிராகரிக்கல தைஸ்தோ. அத முதல்ல சொல்லிடறேன். எங்க வாசல்ல யாரையும் நிராகரிக்கறதே இல்ல. இன்னும் உள்ள வரல, அவ்வளவுதான்.”

“எனக்கு அந்த வேலை தெரியும்,” என்றார் தைஸ்தோ.

“இருக்கலாம். ஆனா எங்க தேர்வு வேலை தெரியுமான்னு பாக்கறதில்ல. அத யாரு பாக்கறது சொல்லுங்க? தெரிஞ்சவங்க எங்ககிட்ட ஒருத்தரும் இல்ல. அதனாலதான ஆள் எடுக்கறோம்.”

தைஸ்தோ இதை நெடுநேரம் யோசித்தார். ஹென்னா-ரீக்கா திரையைத் தட்டிப் பார்த்தார்.

“ஜனவரி பதிமூணாம் தேதி அந்த புரோகிராம் நின்னுடும்,” என்றார் தைஸ்தோ.

“ரொம்ப நல்ல ஆர்வம். இத அப்படியே வெச்சிருங்க. மூணாம் படியில சொல்லலாம்.”

வேலைவாய்ப்பு அலுவலகம் அவரைப் பயிற்சிக்கு அனுப்பியது. போகாவிட்டால் உதவித்தொகை நிற்கும். நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறை, கதவில் ‘தெரியும்படி யோசித்தல்: தொடக்க நிலை’ என்று ஒரு தாள். உள்ளே பதினான்கு பேர், ஒவ்வொருவருக்கும் இடையில் ஒரு நாற்காலி காலி. பயிற்சியாளன் மிஸ்கா இருபத்தாறு வயது இளைஞன். இந்தத் தேர்வில் ஒன்பது முறை தோற்றவன். தோற்கும் வழி எல்லாம் தெரிந்தவன் என்பதால் பயிற்சியாளன் ஆக்கியிருந்தார்கள்.

“யோசனை உள்ள நடந்தா அது உங்களுக்கு மட்டும்தான் பிரயோஜனம்,” என்றான். “கேமராவுக்கு ஒண்ணுமே கிடைக்கறதில்ல. அதனால யோசனைய வெளிய கொண்டு வரணும். இருபது செகண்டுக்கு ஒரு தடவ தாடையத் தடவுங்க. அப்பப்ப ‘ம்’ சொல்லுங்க. நான் சொல்றது புரியுதா?”

பதினான்கு பேரும் அவனைப் பார்த்தார்கள். யாரும் ‘ம்’ சொல்லவில்லை.

“முக்கியமானது இதுதான். விடை தெரிஞ்சாலும் உடனே எழுதக் கூடாது. உடனே எழுதினா யாரோ காதுல சொல்றாங்கன்னு அர்த்தம், அந்த நிமிஷமே வெளிய தள்ளிடும். அப்படித் தள்ளப்பட்டவங்க விடைய யாரும் படிக்கறதில்ல, தானா அழிஞ்சுடும். அதனால முதல்ல ஒண்ணு தப்பா எழுதுங்க. கொஞ்சம் பாருங்க. அப்புறம் அழிங்க. அழிக்கும்போது சிரிங்க.”

பின்வரிசையிலிருந்து ரைலி ஓஹ்தோனன் கை தூக்கினார். ஆற்றுக்கு அக்கரையில் எட்டு மாடிக் கட்டடத்தில் இருப்பவர், இருபத்தைந்து வருடம் மின்தூக்கிகளுக்கு நிரல் எழுதியவர். “தப்பில்லாம எழுதறதுக்குத்தான் எனக்கு இத்தன நாள் சம்பளம் குடுத்தாங்க.”

“அதுதான் உங்க பிரச்சின.”

“ஒரு லிப்ட் விழுந்திருந்தா எனக்கு வேலை கிடைச்சிருக்குமா?”

மிஸ்கா நேர்மையாக யோசித்தான். யோசிக்கும்போது தாடையைத் தடவினான். “அனுபவம்னு போட்டுக்கலாம்,” என்றான்.

ஆறு வாரம் பயிற்சி. வீட்டில் ஹில்க்கா அடுப்படிக் கடிகாரத்தைத் திருகி வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். மணி அடிக்கும்போதெல்லாம் தைஸ்தோ தாடையைத் தடவினார். நவம்பரில் விழுந்த பனி கரையாமல் தங்கிவிட்டது. தவளைத் தேர்வை மறுபடி எழுதி முதல் படியைத் தாண்டினார். இரண்டாம் படியின் முதல் பாதியில் ஒரு மரத்தைத் தலைகீழாகப் புரட்டச் சொன்னார்கள். நிஜ மரம் அல்ல, தரவுகளைக் கிளைகிளையாக அடுக்கிய கணினி மரம். அவர் தப்பாக எழுதி, பார்த்து, அழித்து, சிரித்தார். தேறிவிட்டார்.

“எப்படி இருந்தது?” என்று ஹில்க்காவிடம் கேட்டார்.

“சரியாத்தான் இருந்தது,” என்றார் ஹில்க்கா. “அந்தச் சிரிப்ப மட்டும் இந்த வீட்டுல இனிமே சிரிக்காத.”

இரண்டாம் பாதியில், இதுவரை பார்த்திராத ஒரு நிரலைத் தந்து குறை சொல்லச் சொன்னார்கள். திரையில் அது விரிந்தது. வால்வுகளுக்கு மீன் பெயர்கள். தூண்டில் போட்டுப் பிடிக்கிற ஊர் மீன்கள், ஒவ்வொரு தெருவுக்கும் ஒன்று. அந்தப் பெயர்களை வைத்தது அவர்தான். அவர் தெருவின் வால்வுக்கு மடே என்று பெயர், குளிர்காலத்தில் பனிக்கட்டிக்கு அடியில் பிடிபடும் மீன். தைஸ்தோ தாடையைத் தடவ மறந்தார். நிமிட எண்ணிக்கை நிரம்பப்போவதையும் மாற்ற வேண்டிய இரண்டு வரிகளையும் எழுதி அனுப்பினார். நான்கு நொடியில் தீர்ப்பு வந்தது. ‘தங்கள் எழுத்து நடை குழுமத்தின் உடைமையான ஆவணத்துடன் நூறு விழுக்காடு ஒத்துப்போகிறது. நகல் என ஐயம். விடை நீக்கப்பட்டது.’

ஹென்னா-ரீக்கா மறுபடியும் வந்தார். “இது பெரிய விஷயமில்ல. ஒரு உறுதிமொழி இருக்கு. இந்த புரோகிராம இதுக்கு முன்னால பாத்ததே இல்லன்னு கையெழுத்து போட்டா மூணாம் படிக்குப் போயிடலாம்.”

“நான்தான் எழுதினேன்.”

“அப்படிச் சொல்லாதீங்க. அப்படின்னா மத்தவங்களவிட உங்களுக்கு வசதி அதிகம்னு ஆயிடும். அது நியாயமில்ல. நாங்க நியாயத்துல ரொம்பக் கண்டிப்பு.”

தைஸ்தோ பேசவில்லை. அந்தப் பக்கத்திலும் பேச்சில்லை. வெளியே பனி அள்ளும் வண்டி ஒன்று தெருவின் நீளத்துக்கும் போய்த் திரும்பி வந்தது.

“லைன்ல இருக்கீங்களா?”

அவர் கையெழுத்துப் போட்டார். பிறகு அடுப்படிக்குப் போய் ரேடியேட்டர் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வெந்நீர் மெல்லச் சலசலத்தது. அது போடுகிற சத்தம் பதினாறு வருடமாக அவர் சொல்லிக்கொடுத்த சத்தம்.

மூன்றாம் படிக்கான நாளைக் கணினியே ஒதுக்கியது. ஜனவரி பதிமூன்று, காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை. முன்தேதி கேட்டார். முன்தேதி கேட்பது பொறுமையின்மையாகக் கணக்கில் சேரும் என்று பதில் வந்தது.

விதிமுறைகளும் வந்தன. பின்னால் வெறும் சுவர் இருக்க வேண்டும். அறையில் இன்னொருவர் கூடாது. கோட்டு, குல்லாய், போர்வை கூடாது. அவற்றில் விடை ஒளித்து வைக்கலாம். இருக்கையை விட்டு எழக் கூடாது. தேர்வு முடிந்த பிறகு தேர்வர் எழுந்து போகலாம், ஆனால் மாலை ஆறு மணிவரை கணினியை மூடவும் நகர்த்தவும் கூடாது; வேறொருவர் அறைக்குள் வரவும் கூடாது. இடையில் ஏதோ ஒரு பத்து நிமிடம் அது அறையைப் பார்க்கும். எந்தப் பத்து நிமிடம் என்பது இரகசியம்.

அவர்கள் வீடு போருக்குப் பிறகு கட்டிய பழைய மரவீடு. கூடத்துச் சுவர்த்தாளில் இருந்த பூக்களைக் கணினி இருபத்தாறு முகங்களாக எண்ணியது. வெறும் சுவர் அடுப்படியில் மட்டும்தான் இருந்தது, விறகடுப்புக்குப் பக்கத்தில். வீட்டில் விறகில் எரியும் ஒரே அடுப்பும் அதுதான்.

“அடுப்பப் பத்த வெச்சுட்டு உக்காரலாமே,” என்றார் ஹில்க்கா.

“நெருப்பு அசையும். அது ஆள்னு நினைச்சுக்கும். கதவ மூடி வெச்சாலும் விறகு போட எழுந்திரிக்கணும்.”

பதிமூன்றாம் தேதி காலை வெளியே மைனஸ் முப்பத்தொன்று. ஒன்பது மணிக்கு முதல் கேள்வி வந்தது. சதுரங்கப் பலகையில் ஒரு குதிரை எல்லாக் கட்டங்களுக்கும் போய்வர வேண்டும். தைஸ்தோ தாடையைத் தடவியபடி காதை மட்டும் ஜன்னலடி ரேடியேட்டரிடம் வைத்திருந்தார். ஒன்பது ஏழுக்கு அது ஒருமுறை தொண்டையைச் செருமியது போலிருந்தது. பிறகு ஒன்றுமில்லை. மௌனத்தை விரும்புகிற மனிதர் அவர். ஒரு மௌனத்தைப் பார்த்து அவர் பயந்தது அதுதான் முதல் தடவை.

குதிரை பலகையைச் சுற்றி வந்தது. இரண்டாவது கேள்வியில் ஒரு திருடன் பைக்குள் எவ்வளவு அடைக்க முடியும் என்று கேட்டார்கள். பதினொன்றரைக்கு மூன்றாவது கேள்வி வந்தது. அது தேர்வு அட்டவணையில் இல்லாத கேள்வி.

‘கீழே உள்ள நிரல் இன்று காலை நின்றுவிட்டது. காரணம் கண்டறிந்து திருத்தவும். நேரம்: தொண்ணூறு நிமிடம்.’

கீழே மீன்கள். மடே இருந்தது, மூடிக் கிடந்தது.

தலைநகரில் யாருக்கும் புரியவில்லை, ஆகவே கேள்வியாக்கிவிட்டார்கள். தைஸ்தோவின் விரல்கள் தாமாகவே விசைகளுக்குப் போயின. இரண்டு வரி, ஒரு நிமிட வேலை. விரல் இறங்குவதற்குள் மிஸ்காவின் குரல் வந்து அதைப் பிடித்தது. உடனே எழுதினால் வெளியே தள்ளும். தள்ளப்பட்டவரின் விடையை யாரும் படிப்பதில்லை.

அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு யோசிக்கத் தொடங்கினார். ‘ம்’ என்றார். தாடையைத் தடவினார். தப்பாக ஒன்று எழுதினார். சுவருக்கு அந்தப் பக்கம் ஹில்க்கா நடப்பது கேட்டது, கனமான காலணிகளோடு, ஜன்னல்வரை போய்த் திரும்பி. இருபது நிமிடத்துக்குப் பிறகு நடை நின்றது. அடுப்படிக் கதவின் பிடி மெல்லக் கீழே இறங்கி, அங்கேயே கொஞ்சம் நின்று, மறுபடி மேலே போயிற்று. அவர் தப்பை அழித்தார். சிரித்தார். ‘தேர்வரின் உடலில் நடுக்கம். இயல்பற்ற அசைவு. முதல் எச்சரிக்கை,’ என்றது திரை.

வாசலில் யாரோ தட்டினார்கள். ரைலியின் குரல்.

“எங்க பக்கம் எட்டு மாடியும் போச்சு. உங்களுக்கு?”

“போச்சு,” என்றது ஹில்க்காவின் குரல்.

“அவன் எங்க?”

“பரீட்சை எழுதறான்.”

 பிறகு கதவு மூடியது.

எழுபதாவது நிமிடத்தில் தைஸ்தோ அந்த இரண்டு வரிகளை எழுதி அனுப்பினார். மிச்ச நேரத்தைத் தவளைகளோடும் பைகளோடும் கழித்தார். மூன்று மணிக்குத் தேர்வு முடிந்தபோது அவர் விரல்களுக்கு நிறமில்லை. சுவரில் வெப்பமானி ஒன்பது டிகிரி காட்டியது. தொலைபேசி அடித்தது.

“வாழ்த்துகள் தைஸ்தோ,” என்றார் ஹென்னா-ரீக்கா. “நூத்துக்கு நூறு. அதுலயும் மூணாவது கேள்விக்கு நீங்க யோசிச்ச விதம் இருக்கே, நாங்க எல்லாரும் சேர்ந்து உக்காந்து பாத்தோம்.”

“அந்த ரெண்டு வரியப் போட்டாச்சா?”

“எங்க?”

“புரோகிராம்ல.”

“இல்ல, அது விடையாச்சே. விடைகள் களஞ்சியத்துல போயிடும். பராமரிப்புப் பிரிவுக்குக் குடுக்க முடியாது. இன்னும் முன்னூத்திப் பன்னெண்டு பேர் இதே கேள்விய எழுத வேண்டியிருக்கு. விடை வெளிய போனா அவங்க உழைப்புக்கு என்ன மரியாதை?”

“ஊர்ல வெந்நீர் நின்னு ஆறு மணி நேரமாச்சு.”

“தெரியும். அதுக்காகத்தான அந்தக் கேள்வியவே சேத்தோம்.”

தைஸ்தோ கண்ணை மூடித் திறந்தார். “நானே போட்டுடறேன். இப்பவே.”

“கண்டிப்பா நீங்கதான் போடணும். பிப்ரவரி ரெண்டு, திங்கக்கிழமை, காலை எட்டு மணி. அதுக்கு முன்னால உங்களுக்கு அனுமதி இல்ல. அதுவுமில்லாம அந்த புரோகிராமப் பாத்ததே இல்லன்னு கையெழுத்து போட்டிருக்கீங்க. உங்க நாணயத்த நாங்க ரொம்ப மதிக்கறோம். ஆறு மணி வரைக்கும் அறைய மட்டும் பாத்துக்கோங்க. வேற யாரும் வந்துட்டா எல்லாம் ரத்தாயிடும்.”

அவர் குழுமத்தின் பழுது எண்ணுக்கு அழைத்துப் பார்த்தார். காரணம் தெரிந்தவர்கள் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒரு குரல் சொல்லி, இசை போட்டது.

அடுப்படிக் கதவைத் திறந்தார். ஹில்க்கா இரண்டு கோட்டுகளைப் போட்டுக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றிருந்தார். உதடு நீலமாக இருந்தது.

“தேறிட்டேன்,” என்றார் தைஸ்தோ. “ஆறு மணி வரைக்கும் வேற யாரும் உள்ள வரக் கூடாது.”

“மூணு மணி நேரம்தான? நான் தாங்குவேன்.”

தைஸ்தோ அவரைப் பார்த்தார். இந்தத் தடவை யோசிக்கவில்லை. “வந்து அடுப்பப் பத்த வை,” என்றார்.

“கேமரா?”

“பாக்கட்டும்.”

தைஸ்தோ கொட்டகையிலிருந்து உதைத்துத் தள்ளும் சறுக்குவண்டியை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினார். இருட்டிக்கொண்டு வந்தது. அக்கரையின் எட்டு மாடிகளுக்கும் புகைபோக்கி கிடையாது. எல்லா ஜன்னல்களிலும் விளக்கு எரிந்தது. ஒவ்வொரு ஜன்னலிலும் கோட்டும் குல்லாயுமாக ஆட்கள் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

ரைலியையும் அவரோடு ஒரே மாடிப்படியைப் பயன்படுத்தும் அண்டைவீட்டார் எட்டுப் பேரையும் நான்கு நடையில் கூட்டி வந்தார். அதற்கு மேல் அடுப்படி கொள்ளாது. ஐந்தரைக்குள் பதினொரு பேர் நெருக்கியடித்து அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ‘நூத்தி’ நாளில் வெளியே எறிய வேண்டிய கிறிஸ்துமஸ் மரத்தை ஹில்க்கா உடைத்து உள்ளே வைத்தார். ஊசி இலைகள் சடசடத்து உடனே அடங்கின. அடுப்பின் இரும்புக் கதவை மூடினார்.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கணினியின் மேல் விளிம்பில் பச்சைப் புள்ளி எரிந்தது. எல்லோரும் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, இடமும் மாறவில்லை. அந்த ஊரில் கதகதப்பு கிடைத்த பிறகு பேச என்ன இருக்கிறது. கைகள் மடியில், கண்கள் ஒரே புள்ளியில். பத்து நிமிடம் அப்படியே போயிற்று. தைஸ்தோ சாம்பல் நிறத் திரைக்காகக் காத்திருந்தார்.

ஆறு மணிக்குச் செய்தி வந்தது. அருகிலிருந்த ரைலி அதை உரக்கப் படித்தார்.

‘அறையில் நபர் எவருமில்லை. சுவரில் ஒரு படம்: பதினொரு உருவங்கள். அசைவு இல்லை. விதிமீறல் இல்லை. தேர்ச்சி உறுதி செய்யப்பட்டது. பிப்ரவரி இரண்டு அன்று சந்திப்போம்.’

“யாரும் மூச்சு விடாதீங்க,” என்றார் ரைலி. “அது மனச மாத்திக்கப் போகுது.”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் நாலைந்து பேர் மூக்கின் வழியாகக் காற்றை விட்டார்கள். அங்கே அதுதான் சிரிப்பு.  அடுப்புக்குள் ஏதோ சரிந்து விழுந்தது.

ஹில்க்கா எழுந்து விறகுப் பெட்டியைத் திறந்து பார்த்தார். கொட்டகைப் பக்கம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பிப்ரவரி இரண்டுக்கு இன்னும் இருபது நாள்.

“தைஸ்தோ,” என்றார். “விறகு எத்தன நாளைக்கு வரும்?”

பத்துப் பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

விடை அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அவர் தாடையைத் தடவினார்.